பூசையில் உட்கார்ந்த டிவிடி ரெக்கோடர்

எங்கள் வீட்டு டிவிடி ரெக்கோடர் எப்படி என்று யாராவது கேட்டால், நல்ல பெட்டி என்றுதான் சொல்வேன். சிலரை நல்ல மனுஷன் என்போமே, அவரால் ஒரு வேலையும் ஆகாது, ஆனால் யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார், அந்த அர்த்தத்தில்.

பதினைந்து வருடங்களுக்கு முன் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கட்டாரிலிருந்து வரும்போது அதைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். டிவியில் போவதை வயிற்றுக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும், கேட்டால் டிஸ்க்கில் இறக்கியும் தரும், நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் நேரம் சொல்லி வைத்தால் அதுவே எழும்பிப் பதிந்துவிட்டுத் தூங்கிவிடும் என்றான். முதல் மாதம் அது என்னைவிட ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாம் மாதத்திலிருந்து என்னைப் போலவே செய்யத் தொடங்கியது.

டிஸ்க் வைக்கிற தட்டு கூப்பிடாமலே வெளியே வரும். விருந்தாளி முன்னால் நாக்கை நீட்டுகிற பிள்ளை மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும். நாமாக வா என்றால் வராது. இடது பக்க மேல் மூலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். பொறுத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். ஒருநாள் நானும் பொறுத்திருந்து, தலைக்குக் குளித்து, துவட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் பொறுத்திருக்கத்தான் சொன்னது. பத்து டிஸ்க்கில் இறக்கச் சொன்னால் நாலைக் கெடுத்துத் தரும். கெட்டதையெல்லாம் பின்பக்கக் கொச்சிக்காய்ப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டேன். அந்த வேலையை ஒரு டிஸ்க்கும் கெடுக்கவில்லை.

கரண்ட் போனால் அதன் நேரம் பூச்சியத்தில் நின்று கண் சிமிட்டும். மாத்தளையில் கரண்ட் போவதற்கு மழை பெய்யத் தேவையில்லை. பெய்யலாமா என்று ஒரு மேகம் யோசித்தாலே போதும். ஒவ்வொரு தடவையும் கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ரிமோட்டை அமுக்கி நேரத்தைத் திருப்பி வைப்பேன். அரசாங்க உத்தியோகத்தில் இருபத்தெட்டு வருடம் கிளார்க்காக இருக்கிறவன் நான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குக் கஷ்டமில்லை.

இப்படிப்பட்ட பெட்டியை ஏன் வீசவில்லை என்றால், அதற்குள் என் மனைவியின் குரல் இருந்தது.

அவள் இரத்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் சங்கீத டீச்சர். பதினாலு வருடங்களுக்கு முன் அந்தப் பாடசாலையின் வாணி விழாவைப் படம்பிடிக்க டிவிக்காரர்கள் வந்தார்கள். அரைமணி நேர நிகழ்ச்சி. பிள்ளைகளின் நடனம், வில்லுப்பாட்டு, கடைசியாக இவளுடைய பாட்டு. பிள்ளைகளுக்காக இவளே எழுதி, இவளே மெட்டுப் போட்ட பாட்டு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு ஒளிபரப்பினார்கள். எல்லோரும் பாடசாலை மண்டபத்தில் சேர்ந்து பார்ப்போம் என்று அதிபர் சொல்லிவிட்டதால் நானும் போனேன். போகும்முன் ரெக்கோடரில் நேரத்தைச் சரிபார்த்து, ஐந்தரையிலிருந்து ஆறு மணிவரை பதியச் சொல்லி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் ஒரு புதுப் பதிவு, சரியாக முப்பது நிமிடம். பதிந்திருக்கிறது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தோம், அதே நாளில் இன்னொரு தடவை யார் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் அவள் தொண்டையில் ஒரு கட்டி. கண்டியில் ஒப்பரேஷன். டாக்டர்கள் ஆளைக் காப்பாற்றித் தந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு கொஞ்சம் கரகரப்போடு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. ஆறு மாதம் போகட்டும் என்றார்கள், ஒரு வருடம் போகட்டும் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஹார்மோனியத்தை வாசித்துக் காட்டி, நன்றாகப் பாடுகிற பிள்ளையை முன்னால் நிறுத்தி, அந்த வாணி விழாப் பாட்டு உட்பட அப்படியே பாடம் நடத்திக்கொண்டு போனாள். வீட்டில் குசினிக்குள் முணுமுணுப்பது கூட நின்றுவிட்டது. அந்த டிவிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். பழைய நாடாக்களில் வேறு நிகழ்ச்சிகள் பதிந்தாயிற்று என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

ஆக, மிச்சம் இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அவள் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டதே இல்லை. நானாகப் போடவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் சரஸ்வதி பூசை வந்தால் ஹார்மோனியத்தைத் துடைத்து வைப்பாள், சுருதிப் பெட்டியை வைப்பாள், பாட்டுக் கொப்பிகளை அடுக்குவாள், பிறகு ரெக்கோடரின் வயரைக் கழற்றி அதையும் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பாள். சந்தனம், குங்குமம், மூன்று விரலால் திருநீறு, மேலே ஒரு பூ. முதல் வருடம் நான் என் வழக்கப்படி வாயைத் திறந்தேன்.

"அடுத்த வருஷம் ரைஸ் குக்கரையும் ஏத்திருவமா?"

"ரைஸ் குக்கருக்குள்ள என் குரல் இல்லீங்களே" என்றாள்.

அதற்குப் பிறகு பூசை விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

பதினாலு வருடத்தில் ஏன் அதை ஒரு டிஸ்க்கில் இறக்கி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். ரிமோட்டில் கொப்பி எடுக்கிற பொத்தானும் அழிக்கிற பொத்தானும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். உட்காருவேன், கண்ணாடியைத் துடைப்பேன், எந்தப் பொத்தான் எது என்று மறுபடி பார்ப்பேன், தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழும்பிவிடுவேன். ஒருமுறை அவள், கொப்பி எடுத்தாச்சா என்று கேட்டபோது ஆச்சு என்றேன். எத்தனை என்றாள். மூன்று என்றேன். ஒன்று அலுமாரியில், ஒன்று ஒபிஸ் மேசை லாச்சியில், ஒன்று பத்திரமான ஓர் இடத்தில். பொய்யைக் கூட மூன்று இடத்தில் பிரித்து வைத்த ஆள் நான்.

போன வருடம் அவள், இந்தத் தொண்டையோடு இனி முடியாது என்று நேரத்தோடே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். புரட்டாசியில் ஒருநாள் இப்போதைய அதிபர் எனக்குப் போன் எடுத்தார். விஜயதசமிக்கு மறுநாள் பாடசாலையில் வாணி விழா, அதோடு டீச்சருக்குப் பிரியாவிடையும் வைக்கிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர் பாடினத இங்க இருக்கிற புள்ளைங்க யாரும் கேட்டதில்லீங்க. பெரிய திரையில போட்டுக் காட்டணும். உங்ககிட்ட கொப்பி இருக்காமே?"

"மூணு இருக்கு சேர்" என்றேன். பயந்தால் எனக்கு வாய் தானாகக் கணக்குச் சொல்லும்.

பாட்டைப் போடுவார்களாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தி, "எனக்கும் ஒருக்கா கேக்கணும் போல இருக்குங்க" என்றாள். பதினாலு வருடத்தில் முதல் தடவை. பிறகு மறுபடியும் துருவினாள்.

அன்று பின்னேரமே போய்ப் பெட்டியைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. இடது மூலையில் தட்டினேன். வலது மூலையில் தட்டினேன். பிளக்கை மாற்றிக் குத்தினேன். இன்னொரு பிளக்கில் மேசை விளக்கைக் குத்திப் பார்த்தேன், அது பளிச்சென்று எரிந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ரிமோட்டின் பற்றரிகளை இடம் மாற்றினேன். உயிரில்லாத பெட்டிக்கு ரிமோட் என்ன செய்யும் என்கிற அறிவு அப்போது வரவில்லை. கடைசியில் பக்கத்துத் துவாரங்களில் வாயை வைத்துப் பலமாக ஊதினேன். பதின்மூன்று வருடத் திருநீறு புறப்பட்டு வந்து என் முகத்தில் அப்பியது. கண் தெரியவில்லை. இருமினேன்.

என்ன சத்தம் என்று குசினியிலிருந்து கேட்டாள். தூசி தட்டுகிறேன் என்றேன். வெளியே வந்த என் முகத்தைப் பார்த்தவள், கோயிலுக்கா போனீங்க என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, பெட்டியை இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றில் சுற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அது இருந்த இடத்தில் அதே அளவான ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, ரெக்கோடருக்கு மூடுகிற பூத்தையல் துணியை மேலே போட்டுவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி டிவி இருக்கிற எங்கள் ஹோல் பெரிதில்லை என்பது வேறு விஷயம்.

டவுனில் டிவி, ரேடியோ திருத்துகிற ஒரு முஸ்லிம் நண்பர் இருக்கிறார். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே காய்ந்த சந்தனம், குங்குமம், கருகிய மல்லிகைப்பூ இரண்டு, பல்லி முட்டை மூன்று, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளையாகத் திருநீறு. நானா மூடியைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க பெட்டிய கொண்டு வரல்ல. ஒரு கோயில கொண்டு வந்து ஈக்கிறீங்க."

கரண்ட் வருகிற பலகையில் சில பாகங்கள் வீங்கிப் போயிருந்தன. அதே மாதிரிச் சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார். உள்ளே பதிந்திருப்பது அழிந்திருக்குமா என்று கேட்டேன். அழியாது என்றார். நிச்சயமா என்றேன். நிச்சயம் ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆகவே அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். நாவுலயில் ஒபிஸ் முடிந்து பஸ் ஏறினால் டவுனில் இறங்கி நேரே கடைதான். மின்விசிறிகளுக்கும் அயன்பெட்டிகளுக்கும் நடுவில் வயிறு திறந்து கிடக்கிற அதைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டு வருவேன். நாலாம் நாள் நானா கையிலிருந்த ஈயக்கம்பியைக் கீழே வைத்தார்.

"இது கடை சேர், ஆஸ்பத்திரி வார்ட் இல்ல. டெய்லி பாக்க வர வேணாம். ஒங்கட மூஞ்சியப் பாத்தா எனக்கு கை நடுங்குது."

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது என் கண் துணி போர்த்திய பிஸ்கட் டின்மேல் போகும். அவள் கண்ணும் அங்கே போவதைப் பார்த்தால் உடனே பருப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வேன். அந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுப் பருப்புக்குக் கிடைத்த புகழ் கொஞ்சமல்ல. உடம்பெல்லாம் சலித்துப்போயிருந்தது. ஐம்பத்தாறு வயதில் மனுஷன் பயப்படுகிறது கூட ஒரு வேலைதான், அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

சரஸ்வதி பூசையன்று காலையில் நானா போன் எடுத்தார். ஓடினேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. சிறிய டிவி ஒன்றில் பட்டியலைக் காட்டினார். நான் பதிந்து வைத்து ஒருநாளும் பார்க்காத கிரிக்கெட் போட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவில் அந்த முப்பது நிமிடம். போட்டுப் பார்ப்போமா என்றார். வேண்டாம் என்றேன். பதினாலு வருடம் கழித்து அவள் குரல் முதன்முதலில் கேட்பது அயன்பெட்டிகளுக்கு நடுவில் இருக்கக்கூடாது என்று தோன்றியது. நானா வற்புறுத்தவில்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"உள்ளுக்கு சுத்துற டிஸ்க்ட சத்தம் சரியில்ல சேர். இன்னம் எத்தன தரம் எழும்பும்னு சொல்ல ஏலாது. ஊட்டுக்குப் போன ஒடனே கொப்பி எடுத்துருங்க. சும்மா போட்டுப் போட்டு நிப்பாட்ட வேணாம்."

கொப்பி எடுக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளியும் வைத்துத் தந்தார். திரீவீலில் பெட்டியை மடியில் வைத்து, பிறந்த பிள்ளையைக் கொண்டு வருகிற மாதிரி, பள்ளம் வரும் இடமெல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவள் கோயிலுக்குப் போயிருப்பாள், வருவதற்குள் இறக்கிவிடலாம் என்பது என் திட்டம்.

அவள் வாசலில் நின்றாள்.

"கொண்டு வந்துட்டீங்களா? அப்பிடியே இங்க வைங்க."

பூசை மேசையில் ஹார்மோனியத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பின்ன, பிஸ்கட் டின்னுக்கா பூ வைக்கச் சொல்றீங்க?" என்றாள்.

வைத்தேன். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், திருநீற்றுத் தட்டை எடுத்தாள். அது மட்டும் வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். ஏன் என்றாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

பூசையில் வைத்ததை விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. புத்தகம் திறக்கக்கூடாது, வாத்தியம் வாசிக்கக்கூடாது. சின்ன வயதில் இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். படிக்காமல் இருக்க சாமியே லீவு தருகிற ஒரே நாள். அன்றைக்குத்தான் அது எவ்வளவு நீளமான நாள் என்று தெரிந்தது. மத்தியானம் முழுக்க ஹோலில் நடந்தேன். மூன்று மணிக்கு மலைப்பக்கம் இடி தொடங்கியது. வயர் குத்தாத பெட்டியை இடி என்ன செய்யும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மின்னலுக்கும் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றேன். என்மேல் விழுந்தால் பரவாயில்லை என்கிற தியாகமெல்லாம் இல்லை, கால் தானாகப் போனது.

மழை விட்டதும் அவள் கொல்லைப்பக்கம் போனாள். இதுதான் சமயம் என்று விளக்குக்கு எண்ணெய் விடுகிறவன் மாதிரிக் குனிந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு, வயரைச் சுவர்ப் பிளக் பக்கம் இழுத்தேன்.

"சாமிக்கு கரண்ட் குடுக்கிறீங்களா?"

பின்னால் நின்றாள். வயர் கையில். பகிடி ஒன்றும் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். கொப்பி இல்லை. நானா சொன்னதையும் சொன்னேன்.

"அலுமாரியில இருக்கிறது?"

"இல்ல."

"ஒபிஸ்ல இருக்கிறது?"

"அதுவும் இல்ல."

மூன்றாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை. வயரை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி வைத்தாள். "நாளைக்குக் காலையில எடுப்போம்" என்றாள். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விஜயதசமி காலையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூசையில் வைத்ததை எடுத்து ஆளுக்கு ஒரு தடவை தொழிலைத் தொட வேண்டும். அவள் ஹார்மோனியத்தில் சரளி வரிசை வாசிப்பாள். நான் ஒரு தாளில் என் கையொப்பத்தைப் போடுவேன்; கிளார்க்கின் வித்தை அவ்வளவுதான். அன்றைக்கு அவள் ஹார்மோனியத்தை விட்டுவிட்டு முதலில் பெட்டியை எடுத்தாள். குளித்து ஈரத்தலையோடு, டிவிக்கு முன்னால் நிலத்தில் பாயில் உட்கார்ந்தாள். நான் வயர்களைக் குத்தி, புது டிஸ்க் ஒன்றைப் போட்டு, சிவப்புப் புள்ளியை ஐந்து முறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு அமுக்கினேன். பெட்டி முனகியது. பொறுத்திருக்கவும் என்றது. பொறுத்திருந்தோம். பிறகு படம் வந்தது.

ஓர் அம்மா வாழைக்காயில் கட்லட் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"விளம்பரமா இருக்கும்" என்றேன். அந்த அம்மா கட்லட்டை உருட்டி, பொரித்து, எண்ணெய் வடித்து, இலையில் அடுக்கி, நன்றி வணக்கம் சொல்லும்வரை பொறுத்திருந்தோம். ஒரு பல்பொடி விளம்பரம் போனது. பிறகு மணியோசை, குத்துவிளக்கு, அந்தப் பாடசாலை மண்டபம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நடனம் ஆடின பிள்ளைகளை அவள் ஒவ்வொருத்தராக அடையாளம் சொன்னாள். இவள் இப்போது சீகிரியாவில் ஹோட்டலில் வேலை, இவளுக்கு இரண்டு பிள்ளைகள், இவன் அன்றைக்குக் காய்ச்சலோடு ஆடினான். வில்லுப்பாட்டு முடிந்தது. ஓர் அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னார்.

பச்சைச் சேலையில் அவள். அந்தச் சேலை இப்போது எங்கள் ஜன்னல் திரை. கறுத்த தலைமுடி, மடியில் கை. சுருதி தொடங்கியது. மண்டபம் அடங்கியது. அவள் கண்ணை மூடித் திறந்தாள், லேசாக நிமிர்ந்தாள், தோள் உயர மூச்சை இழுத்தாள்.

திரை நீலமானது. பட்டியல் வந்து நின்றது.

கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி அமுக்கினேன். மூச்சை இழுத்தாள், நீலம். இடது மூலையில் தட்டினேன். நானாவைத் திட்டினேன், மச்சானைத் திட்டினேன், கட்டார் நாட்டைத் திட்டினேன். மிச்சம் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், கொழும்புக்குக் கொண்டுபோனால் எடுத்துவிடலாம் என்றேன். அவள் டிவிக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

சுவர் மணிக்கூடு. எங்கள் வீட்டில் அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். கல்யாணம் முடித்த புதிதில் அவளுடைய இரத்தோட்டை பஸ்ஸையும் என்னுடைய நாவுல பஸ்ஸையும் நான் மாறி மாறித் தவறவிட்டதால் அவள் செய்த ஏற்பாடு. எங்கள் லேனில் பாதி வீடுகளில் இப்படித்தான். பார்க்கிறவர்கள் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். விருந்தாளிக்கு மட்டும் வாயால் சொல்வோம். ஒவ்வொரு தடவை கரண்ட் போனபோதும் நான் ரெக்கோடருக்கு நேரம் வைத்தது அந்த மணிக்கூட்டைப் பார்த்துத்தான். பெட்டிக்குப் பத்தைக் கழிக்கத் தெரியாது. நானும் அதற்குச் சொல்லவில்லை.

உண்மையான ஐந்தரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அது எழும்பி, கட்லட்டைப் பதிந்து, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தூங்கிவிட்டது. பதினைந்து வருடத்தில் அது ஒரு நொடி பிசகாமல் சொன்னதைச் செய்த நாள் அந்த ஒன்றுதான்.

"நான் அதப் பாத்துத்தான்…" என்று தொடங்கினேன்.

"அத முன்னுக்கு வச்சது நான்தானே" என்றாள்.

பிறகு, கடைசியை மட்டும் இன்னொருக்கா போடச் சொன்னாள். போட்டேன். இன்னொருக்கா என்றாள். மூன்றாவது முறை அவள் திரைக்குக் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பிள்ளைகளைத் திருத்துகிற டீச்சர் மாதிரித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த மூச்சின் சத்தம் லேசாகக் கேட்கும். சுருதிக்கு மேலே, ஒரு சேலை உரசுகிற அளவுக்கு.

"மூச்சு நல்லாத்தான் எடுத்திருக்கேன்" என்றாள்.

எழும்பிப் போய் இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்தாள். ஹார்மோனியத்தை அன்று அவள் தொடவில்லை. நான் தாளை எடுத்துக் கையொப்பம் போட்டேன். பேனா எழுதவில்லை. மத்தியானம் பெட்டியைப் போட்டேன், எழும்பவில்லை. தட்டவில்லை. காலையிலேயே வெளியே எடுத்து வைத்த டிஸ்க்கில் எல்லாம் ஒழுங்காக இறங்கியிருந்தது, கட்லட் உட்பட. அதிபருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். பெட்டி கெட்டுப்போச்சு என்று சொல்லுங்கள் என்றாள். முதன்முறையாக அவரிடம் ஓர் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன், ஆனால் போன் எடுக்கவில்லை.

பிரியாவிடைக் காலையில் நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு பத்து. பத்தைக் கழித்தால் ஏழு. ஏழே காலுக்குப் பஸ், நிறைய நேரம் இருக்கிறது. சப்பாத்துக்கு இரண்டாவது தடவை பொலிஷ் போட்டேன். அவள் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றாள். சந்தியை நாங்கள் எட்டும்போது இரத்தோட்டை பஸ்ஸின் பின்பக்கம் வளைவில் மறைந்தது. இன்றைக்கு முந்திப் போகிறான் என்று டிரைவரைத் திட்டினேன்.

"அவன் நேரத்துக்குத்தாங்க போறான். நேத்து பின்னேரம் மணிக்கூட்ட சரியா வச்சிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் வாசல்ல நின்னேன். ரெண்டாந்தரம் பொலிஷ் போட்டீங்க பாருங்க, சரி போகட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லி, தன் பிரியாவிடைக்கே பிந்தி நிற்கிறவள், அந்தக் கரகரத்த தொண்டையால் சிரித்தாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் சிரிப்பு தகரத்தில் மணல் விழுகிற மாதிரித்தான் இருக்கும். நடுச்சந்தியில் நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம். பஸ் ஹோல்ட்டின் சீமெந்துக் கட்டையில் உட்கார்ந்தோம். எனக்குக் கால் வலித்தது, ஒரு வாரமாக ஓடின ஓட்டம் எல்லாம் அப்போதுதான் முழங்காலில் இறங்கியது.

"அந்த டிஸ்க்க பையில வச்சிருக்கீங்கதானே?" என்றாள்.

இருந்தது. ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"போடட்டும்."

"கட்லட்டுமா?"

"அத தள்ளிவிட்டுப் போடச் சொல்லுங்க."

"மூச்சோட நின்னுருமே" என்றேன்.

"நிக்கட்டும். அந்தப் பாட்டு அங்க எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியும்."

கைக்குட்டையை எடுத்து, என் சப்பாத்தின் மேல் படிந்திருந்த செம்மண்ணைத் துடைக்கச் சொல்லி நீட்டினாள். நான் குனிந்து துடைத்தேன். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது.